இலங்கையின் கடன் குளச்சலுக்கு வந்த விதம்

ஒரு நாடு வாங்கிய கடனுக்காக, அந்த நாட்டில் வாக்குரிமைகூட இல்லாத ஒருத்தி தன் நகையை அடகு வைக்க நேரும் என்று 2021-இல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நாட்டின் கடன் என்பது டெல்லியிலும் சென்னையிலும் பேசப்படும் விஷயம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றுதான் எங்கள் ஊரில் எல்லோரும் நினைக்கிறோம். அது நேரே வீட்டுக்குள் வந்து உட்காரும் என்பதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. இன்னொருவர் என்னைப் போலத் தனியே தவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சலில் என் தந்தை தொடங்கிய நெத்தோலிக் கருவாட்டு வியாபாரத்தை நான் நடத்தி வருகிறேன். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் கடப்புறங்களில் பெண்கள் காயவைத்துத் தரும் நெத்தோலியைத் தரம் பிரித்து, மூட்டை கட்டி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், என் தந்தை காலத்திலிருந்தே எங்கள் வாடிக்கையாளர். நான் அவரை நானா (அண்ணா) என்றுதான் அழைப்பேன். சரக்கு கிடைத்து 60 நாளில் டாலராகப் பணம் அனுப்பிவிடுவார். அவர் பேச்சு எங்களுக்குப் பத்திரத்துக்குச் சமம். 2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும் அனுப்பிய சரக்குக்கு 24,000 டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய், எனக்கு வரவேண்டியிருந்தது.

பிப்ரவரி முடிந்தும் பணம் வரவில்லை. முதலில் நானாவின் மீதுதான் கோபம் வந்தது. தொலைபேசியில் அழைத்தபோது அவர், "காசு நான் பேங்க்ல கட்டிட்டேன் தங்கச்சி, அவங்ககிட்ட டொலர்தான் இல்ல" என்றார். சாக்குப்போக்கு என்று நினைத்தேன். அன்றிரவே வங்கியில் பணம் கட்டிய சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மடித்து மடித்து நடுவில் கிழியத் தொடங்கியிருந்த அந்தச் சீட்டில், நீல மை முத்திரைக்கு மேலே 48,72,000 இலங்கை ரூபாய் என்று கையால் எழுதியிருந்தது. ஒரு டாலர் 203 ரூபாய் என்ற கணக்கில் 24,000 டாலருக்கு அது சரியான தொகை. என் வாடிக்கையாளர் நேர்மையானவர், அவரிடம் பணமும் இருந்தது, அதை உரிய இடத்தில் கட்டியும் விட்டார். ஆனாலும் எனக்கு ஒரு டாலர்கூட வரவில்லை. உணவுப் பொருள்களோடு வந்த நூற்றுக்கணக்கான கொள்கலன்கள், விடுவிக்க டாலர் இல்லாமல் கொழும்புத் துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்த நாள்கள் அவை.

மார்ச் முதல் வாரத்தில் இலங்கை மத்திய வங்கி அதுவரை பிடித்து வைத்திருந்த நாணய மதிப்பைக் கைவிட்டது. மே மாதத்துக்குள் ஒரு டாலர் 360 இலங்கை ரூபாயைத் தொட்டது. நானா கட்டிய அதே 48,72,000 ரூபாய்க்கு இப்போது கிடைக்கக்கூடியது 13,500 டாலர் அளவுதான். அவர் எதுவும் செய்யாமலே, நானும் எதுவும் செய்யாமலே, என் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி இரண்டே மாதங்களில் கரைந்து போயிற்று. இதற்கு நடுவே ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக இலங்கை அறிவித்தது. 51 பில்லியன் டாலர் வெளிக்கடன் என்று செய்தியில் வாசித்தபோது, அந்த மலையின் அடியில் என் 24,000 டாலரும் சிக்கியிருப்பது எனக்குப் புரிந்தது.

இங்கே நிலைமை வேறு விதமாகக் கழுத்தை நெரித்தது. சரக்குக் கொள்முதலுக்காக நாகர்கோவிலில் ஒரு வங்கியில் ஏற்றுமதி முன்கடன் வாங்கியிருந்தேன். டாலர் வந்தால்தான் அந்தக் கணக்கு முடியும். கெடு கடந்ததும் சலுகை வட்டி போய்ச் சாதாரண வட்டி ஏறத் தொடங்கியது. ஏற்றுமதிப் பணம் 9 மாதத்துக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது அன்றைய விதி. அது வராவிட்டால் வாங்கிய ஏற்றுமதிச் சலுகைகளையும் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்று கடிதம் வந்தது. அதைவிடக் கடப்புறத்துப் பெண்களுக்கு முகம் கொடுப்பதுதான் எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. அவர்களில் ஒருவருக்கு மட்டும் 40,000 ரூபாய் பாக்கி. இலங்கையில் நடப்பதை அவரிடம் விளக்கிச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த நாட்டுக்காரன் வாங்கின கடனுக்கு நாங்க என்ன மக்களே செய்தோம்?" என்றார். எனக்குப் பதில் இல்லை. மறுநாள் என் நகைகளை அடகு வைத்து அவர்கள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தேன். கணவருக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் சொன்னேன். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை, கோபத்தை யார் மீது காட்டுவது என்றும் தெரியவில்லை.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் தேடித்தான் நாட்டுக் கடனைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இலங்கை நிறையக் கடன் வாங்கியது என்பது மட்டும் காரணமாக இருந்தால், தன் ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கடன் வைத்திருக்கும் ஜப்பான் என்றைக்கோ விழுந்திருக்க வேண்டும். ஜப்பானின் கடன் அதன் சொந்த நாணயமான யென்னில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி அந்நாட்டு மக்களுக்கும் நிறுவனங்களுக்கும் தரவேண்டியது. இலங்கையோ டாலரில் கடன் பத்திரங்கள் விற்று, சந்தை வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தது. அம்பாந்தோட்டைத் துறைமுகம், மத்தள விமான நிலையம் போன்றவற்றுக்கு வாங்கிய வெளிநாட்டுக் கடனை அடைக்கும் அளவுக்கு அவை டாலர் சம்பாதித்துத் தரவில்லை. 2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக ஒரேயடியாகக் குறைத்தார்கள். வரி வருமானம் சரிந்தது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து சுற்றுலாவைப் படுக்க வைத்தது. 2021-இல் அரசின் வருமானத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் வட்டிக்கே போயிற்று. 2019 முடிவில் 7.6 பில்லியன் டாலராக இருந்த கையிருப்பு, 2021 முடிவில் 3.1 பில்லியனாகச் சுருங்கியது. அப்படியிருந்தும் 2022 ஜனவரியில் 500 மில்லியன் டாலர் பத்திரக் கடனை அடைத்தார்கள். அதே மாதத்தில்தான் என் இரண்டாவது கொள்கலன் கொழும்பில் இறங்கியது. இந்த விவரங்கள் எல்லாம் அன்றே செய்தித்தாள்களில் வந்துகொண்டுதான் இருந்தன. கருவாட்டு வியாபாரத்துக்கு அவை தேவைப்படும் என்று எங்கள் தொழிலில் எவரும் சொல்வதில்லை.

ஆகையால் வெளிநாட்டோடு வியாபாரம் செய்பவர்களுக்கு, அது முந்திரியாக இருந்தாலும் கிராம்பாக இருந்தாலும் மீனாக இருந்தாலும், நான் முதலில் சொல்வது இதுதான்: வாடிக்கையாளரின் நேர்மையை விசாரிப்பது போலவே அவருடைய நாட்டின் டாலர் கையிருப்பையும் விசாரியுங்கள். எத்தனை மாத இறக்குமதிக்கு அந்தக் கையிருப்பு போதும், அடுத்த ஓராண்டில் எவ்வளவு வெளிக்கடன் அடைக்க வேண்டியிருக்கிறது என்ற இரண்டு விவரங்களும் அந்தந்த நாட்டு மத்திய வங்கியின் அறிக்கையில் கிடைக்கும். இசிஜிசி எனப்படும் மத்திய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகத்தில் காப்பீடு எடுங்கள். வாங்கியவர் ஓடிப்போவதற்கு மட்டுமல்லாமல், வாங்கியவர் உள்ளூர்ப் பணத்தைக் கட்டியும் அந்நாட்டில் செலாவணி கிடைக்காமல் பணம் வராமல் போவதற்கும் அங்கே காப்பீடு உண்டு என்பதை நான் எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அறிந்தேன். வாங்குபவரின் வங்கி பணம் தருவதாக உறுதிசொல்லும் கடிதத்தின் (எல்.சி.) பேரில் சரக்கு அனுப்புவதாக இருந்தால், நம் நாட்டு வங்கி ஒன்றும் சேர்ந்து உறுதியளித்த கடிதமாக வாங்குங்கள். அந்த நாட்டு வங்கியின் உறுதி மட்டும் இருந்தால், அந்த வங்கியிடமே டாலர் தீர்ந்துபோகும் நாளில் அது காகிதம்தான். பணம் ஏற்கெனவே சிக்கிவிட்டவர்கள், வாங்கியவர் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்ளும் கடிதம், அவர் பணம் கட்டிய சீட்டு, அவருடைய வங்கி தரும் விளக்கக் கடிதம் ஆகிய மூன்றையும் உடனே வாங்கி வையுங்கள். கெடு முடியும் முன்பே நம் வங்கியில் கால நீட்டிப்புக்கு எழுதிக் கொடுங்கள். பிற்பாடு என்னைக் காப்பாற்றியவை இந்தக் காகிதங்களே.

என் கதை ஊரில் பரவியபின், "அப்படியானால் நம் நாட்டுக்கும் இப்படி வருமா?" என்று கேட்காத உறவினர் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு, அது நம்மிடம் வசூலிக்கப்படுமோ என்று என் சித்தி உண்மையாகவே பயந்தார். அப்படி யாரும் வீடு தேடி வரப்போவதில்லை. அரசுக்கு மனிதரைப் போல ஆயுள் முடிவு இல்லை. பழைய பத்திரம் முதிரும்போது புதிய பத்திரம் விற்று அடைக்கிறது. வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. பொருளாதாரம் வளர வளர, பழைய கடன் அதனோடு ஒப்பிடுகையில் சிறுத்துக்கொண்டே போகும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டினால், அதன் பயன் பல தலைமுறைக்குக் கிடைக்கும்போது, செலவும் பல தலைமுறைக்குப் பரவுவதில் அநியாயம் எதுவும் இல்லை. தலைக்கு இத்தனை ரூபாய் கடன் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் பயத்தைத்தான் தருகின்றன, விளக்கம் எதையும் தருவதில்லை.

இந்தியாவின் நிலை இலங்கையினுடையது அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் கடனில் மிகப் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. நம் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வருங்கால வைப்பு நிதிகளுமே அதில் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. தனியார் நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்து, 2025 மார்ச் முடிவில் நாட்டின் மொத்த வெளிக்கடன் 736 பில்லியன் டாலர், அதாவது நாட்டின் ஆண்டு உற்பத்தி மதிப்பில் 19 விழுக்காடு. அதே சமயம் கையிருப்பில் 668 பில்லியன் டாலர் இருந்தது. ஆனால் நமக்கு எந்நாளும் வராது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வோருக்கு 1991-ஐ நினைவூட்டுவேன். சில வார இறக்குமதிக்கு மட்டுமே செலாவணி இருந்த நிலையில், அந்த ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடாக வைத்து டாலர் வாங்கினோம். நான் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்குப் போனது போலத்தான் அன்று நாடும் போயிற்று. அந்த நெருக்கடியின் கொடுமை கடனின் மொத்தத் தொகையைக் காட்டிலும், உடனே தரவேண்டிய டாலருக்கும் கையில் இருந்த டாலருக்கும் இடையிலான இடைவெளியில்தான் இருந்தது.

நாம் அஞ்ச வேண்டியது வட்டிக்கு. 2025-26 மத்திய வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசின் வருவாய் வரவு 34.2 லட்சம் கோடி. அதாவது கடன் சேராமல் வருவாயாக வரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 37 ரூபாய் பழைய கடனின் வட்டிக்குப் போய்விடுகிறது. சாலை, ரயில், துறைமுகம் என எல்லாம் சேர்ந்த மூலதனச் செலவுக்கு ஒதுக்கியது 11.2 லட்சம் கோடி, வட்டியைவிடக் குறைவு. அந்த ஆண்டின் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவுக்கு மேல் செய்யும் செலவுக்காகக் கடனாக வாங்கும் தொகை, 15.69 லட்சம் கோடி என்றால், புதிதாக வாங்கும் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சமமான தொகை வட்டிக்கே சரியாகிறது. கொரோனா ஆண்டில் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 9.2 விழுக்காடு வரை போன பற்றாக்குறையை 4.4 விழுக்காட்டுக்கு இறக்கியிருப்பது நல்ல செய்திதான். என்றாலும், 2018-இல் திருத்தப்பட்ட நிதிப் பொறுப்புச் சட்டத்தில் மத்திய அரசின் கடன் 2024-25 முடிவுக்குள் உற்பத்தி மதிப்பில் 40 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 2025-26 மதிப்பீட்டில் அது 56 விழுக்காடு. இப்போது 2031 மார்ச்சுக்குள் 50 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுவருவதாகச் சொல்கிறார்கள். அந்த இலக்கை ஆண்டுதோறும் நினைவூட்டும் பொறுப்பு நமக்கு உண்டு. வரிக் குறைப்பையோ இலவசத்தையோ எந்தக் கட்சி அறிவித்தாலும், அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பதை விரோதமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் மாற வேண்டும். இலங்கையில் 2019-இல் வரியைக் குறைத்தபோது கைதட்டியவர்கள்தான் இரண்டரை ஆண்டு கழித்துப் பெட்ரோலுக்கு இரவு முழுக்க வரிசையில் நின்றார்கள்.

அந்தக் காலத்தில் யாருக்கு எப்படி அடி விழுந்தது என்பதை நானாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் வீட்டுக் கணக்குக்கான பாடத்தைக் கற்றேன். அவருடைய மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஓய்வூதியம் மாதம் தவறாமல் வந்தது. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி ஓராண்டில் 70 விழுக்காடு ஏறியிருந்தது. அரிசியும் மருந்தும் சேர்த்து வாங்க அந்தப் பணம் போதவில்லை. வீட்டுக் கடன் வாங்கியிருந்த அவருடைய தம்பிக்கோ வேறு அடி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 விழுக்காட்டுப் புள்ளி உயர்த்தியதால் மாதத் தவணை கட்டுக்கடங்காமல் போயிற்று. அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது வங்கி வைப்புகளைத் தொடவில்லை; ஊழியர் சேமலாப நிதியின் (நம் ஊர் வருங்கால வைப்பு நிதி போன்றது) பத்திரங்களுக்குத்தான் வட்டியைக் குறைத்தார்கள். ஆக, ஒரு நாட்டின் கடன் குடிமக்களிடம் வரும்போது கடன் என்ற பெயரில் வருவதில்லை. விலைவாசியாக வரும், வட்டியாக வரும், மின் கட்டண உயர்வாக வரும், முதுமைக்காகச் சேர்த்ததில் விழும் வெட்டாக வரும்.

இதற்காக வங்கியில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தலையணைக்குள் வைக்கச் சொல்லவில்லை. இந்தியாவில் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அதற்கு மேல் இருந்தால் வேறு வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். கையிலிருப்பதை முழுவதும் பத்தாண்டு, பதினைந்தாண்டு நிலை வட்டித் திட்டங்களில் பூட்டி வைக்காதீர்கள். விலைவாசி ஏறும்போது முதலில் தேய்வது அந்தப் பணம்தான். மாறும் வட்டியில் கடன் வாங்கும்போது, வட்டி 3 விழுக்காடு ஏறினாலும் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். வளைகுடாவிலிருந்து பணம் வரும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். ஆறு மாதச் செலவுக்கான தொகையை எளிதில் எடுக்கும்படி வைத்துவிட்டு, மீதியில் மட்டும் நிலமும் வீடும் பற்றி யோசிக்கலாம். வீட்டில் கொஞ்சம் தங்கம் இருப்பதை இனி யாரும் என்னிடம் பழமை என்று சொல்ல முடியாது.

பிப்ரவரி முதல் தேதி மத்திய வரவு செலவுத் திட்டம் வந்ததும், எந்தப் பொருளுக்கு விலை கூடும், எதற்குக் குறையும் என்ற பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு பக்கத்தில் படம் போட்டிருப்பார்கள். கடனும் மாநிலங்களுக்குப் பகிரும் வரியும் சேர்ந்த அந்தக் கணக்கில், 2025-26-இல் ஒவ்வொரு ரூபாயிலும் 24 காசு கடனாக வந்தது, 20 காசு வட்டியாகப் போயிற்று. இந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் ஆண்டுதோறும் எழுதி வருகிறேன். தமிழக அரசின் திட்டத்திலிருந்தும் வட்டிக்கும் சம்பளத்துக்கும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்கிறேன். வட்டியின் பங்கு தொடர்ந்து ஏறினால் கவலைப்பட வேண்டும். இறங்கினால் கடனின் மொத்தத் தொகை எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அமைதியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் இலங்கைக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்த பிறகு, கொழும்பு வங்கிகளில் டாலர் மெல்லப் புழங்கத் தொடங்கியது. நானா சிறிது சிறிதாக அனுப்பி, கட்டியிருந்த பணத்துக்கு மேல் தன் கையிலிருந்தும் போட்டு, அந்த ஆண்டு இறுதிக்குள் 14,000 டாலர் வரை சேர்த்துவிட்டார். மீதி 10,000 டாலரை அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கடையில் பாதி ஆட்கள் அப்போது வேலையை விட்டுப் போயிருந்தார்கள். காகிதங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்ததால், வங்கி அதை இனி வராத ஏற்றுமதிப் பணம் என்று தள்ளுபடிக் கணக்கில் எழுத ஒப்புக்கொண்டது. எனக்கு முதல் தொகையில் ஏறத்தாழ 8 லட்சம் ரூபாயும், வட்டியில் 2 லட்சத்துக்கும் மேலும் போனது; நகையை மீட்க 2024 ஆகிவிட்டது. இப்போது பாதிப் பணம் முன்பணமாக வந்த பிறகே மூட்டை தைக்கச் சொல்கிறேன், மீதிக்கு இசிஜிசி காப்பீடு எடுக்கிறேன். நானா உடனே சம்மதித்தார். வேறு இருவர் முன்பணம் தர மாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அந்த வியாபாரம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.